ஹட்டன் நகரத்துப் பல் சிகிச்சை நிலையமொன்றில் வேர் சிகிச்சை

பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யவேண்டும் என்றதும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது வலிக்குமா என்பதையும் எவ்வளவு எடுப்பார்கள் என்பதையும்தான். இலங்கை மலைநாட்டின் ஹட்டன் நகரில், கடையொன்றின் மேல்மாடியில் இயங்கும் ஒரு தனியார் பல் சிகிச்சை நிலையத்தில் எனது வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு இச்சிகிச்சையைப் பெற்ற பின்னர், பல்லில் கை வைப்பதற்கு முன் எதையெல்லாம் சோதிக்கிறார்கள், வேலை முடிந்தபின் பல்லை எப்படி மூடுகிறார்கள் என்பவையே அவற்றைவிட முக்கியமான கேள்விகள் என்று கருதுகிறேன். முதலாவதில் இந்நிலையத்தைத் தாராளமாகப் பாராட்டலாம். இரண்டாவதில் கைவேலை திருத்தமாக இருந்தாலும் நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லவேண்டியதைச் சொல்வதில் குறை உண்டு.

சூடான தேநீர் பட்டவுடன் எழும் வலி, கோப்பையைக் கீழே வைத்த பின்னரும் நெடுநேரம் நிற்பதும் இரவில் படுத்தால் கூடுவதுமாக இருந்த நிலையிலேயே நான் அங்கு சென்றேன். பல்லின் நடுவே இரத்தக் குழாய்களும் நரம்பும் கொண்ட மென்மையான கூழ் ஒன்று இருக்கிறது. சொத்தை அதுவரை ஆழமாக இறங்கிவிட்டால், கடினமான சுவர்களுக்குள் அடைபட்ட அந்தக் கூழ் வீங்குவதற்கு இடமின்றி அழற்சியடைந்து, பின்னர் மெல்ல இறந்து, வேர்நுனிக்கு வெளியே எலும்பிலும் தொற்றை உண்டாக்கும். அந்தக் கூழை அகற்றி, அது இருந்த வேர்க் கால்வாய்களைச் சுத்தம் செய்து நிரப்புவதே வேர் சிகிச்சை. வைத்தியர் எக்ஸ்ரே படத்தை மட்டும் நம்பிவிடவில்லை. குளிரூட்டப்பட்ட சிறு பஞ்சுருண்டையை முதலில் பக்கத்து நல்ல பல்லிலும் பின்னர் வலிக்கும் பல்லிலும் வைத்து, வலி நிற்கும்வரை இடக்கையை உயர்த்தியிருக்கச் சொன்னார். நல்ல பல்லில் கை உடனே இறங்கியது; மற்றதில் அவர் குறிப்பு எழுதி முடித்த பின்னரும் கை மேலேயே இருந்தது. அடுத்து, வாய்க் கண்ணாடியின் பிடியால் ஒவ்வொரு பல்லையும் மெதுவாகத் தட்டிப் பார்த்தார். எந்தப் பல், எந்த நிலை என்பதை இவ்வாறு உறுதிசெய்யாமல் வேலையைத் தொடங்கும் இடங்களும் உண்டு என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

சிகிச்சையின்போது வலி இருந்ததா என்றால், விறைப்பூசி ஏற்றும்போது ஏற்பட்ட குத்தலைத் தவிர, அநேகமாக இல்லை. அழற்சி கடுமையாக உள்ள கீழ்க் கடைவாய்ப்பற்கள் எளிதில் விறைப்பதில்லை. என் பல்லுக்கும் மேலதிகமாக ஓர் ஊசி தேவைப்பட்டது. உதவியாளராக இருந்த தோட்டத்துப் பெண், "வலிச்சா கையத் தூக்குங்க டீச்சர், டொக்டர் நிப்பாட்டிருவார்" என்று முன்பே சொல்லியிருந்தார். சொன்னபடியே அவரும் நிறுத்தினார். வைத்தியர் சிங்களம் பேசுபவர், தமிழும் ஓரளவு பேசுகிறார். நுணுக்கமான விளக்கங்களை இந்தப் பெண்ணே தமிழில் எடுத்துச் சொல்கிறார். நிலையத்தின் பெயர்ப்பலகையில் இவருக்கு இடமில்லை என்றாலும், நோயாளிகள் பயமின்றித் திரும்பி வருவதில் பாதிப் பங்கு இவருடையது என்பேன்.

மெல்லிய நீல றப்பர் தாளொன்றைத் துளையிட்டு, சிகிச்சைக்குரிய பல் மட்டும் வெளியே தெரியும்படி மாட்டிய பின்னரே பல்லைத் துளைத்தார்கள். எச்சிலிலுள்ள கிருமிகள் கால்வாய்க்குள் போகாமலும், சிறு கருவிகளோ கழுவும் திரவமோ தொண்டைக்குள் இறங்காமலும் தடுப்பது இதுவே. கழுவப் பயன்படுவது சோடியம் ஹைபோகுளோரைட்டு, அதாவது துணி வெளுக்கும் திரவத்தில் உள்ள அதே பொருள். அதன் நெடி மூக்கில் ஏறியது, ஆனால் ஒரு துளியும் நாக்கில் படவில்லை. இந்தத் தாளைப் பயன்படுத்துவீர்களா என்று கேட்டுவிட்டு வைத்தியரைத் தெரிவுசெய்வது எந்த ஊரிலும் தகும். கீழ் முதற் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர்களும் மூன்று அல்லது நான்கு கால்வாய்களும் இருக்கும். எனக்கு நான்காவதும் இருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்தார். கால்வாயின் நீளத்தை அளக்க, உதட்டில் ஒரு கொக்கியைத் தொங்கவிட்டு, ஊசி போன்ற அரத்தைச் சிறு பெட்டியொன்றுடன் இணைத்தார்கள். அரம் வேர்நுனியை நெருங்க நெருங்க அந்தப் பெட்டியின் ஒலி விரைவடைந்தது. முதல் வருகையின் முடிவில் கிருமிகளை அழிக்கும் கல்சியம் ஹைதரொட்சைட்டை உள்ளே வைத்துத் தற்காலிகமாக அடைத்து, பிந்திய வருகையொன்றில் கட்டாபேர்ச்சாவால் நிரப்பினார்கள். அது மலாயத் தீவுகளின் மரமொன்றின் பாலிலிருந்து வரும் பொருள், நமது றப்பருக்கு நெருங்கிய உறவு.

எனது மதினியையும் இதே நிலையத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அவரது பல் ஈறுக்குக் கீழ்வரை பிளந்திருந்ததைக் காட்டி, வேர் சிகிச்சை செய்தாலும் அது நிலைக்காது, பிடுங்குவதே சரி என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வருமானம் தரக்கூடிய வேலையை வேண்டாமென்று சொன்ன அந்த நேர்மைதான் இந்நிலையத்தைப் பற்றி எழுதவே என்னைத் தூண்டியது.

இனிக் குறைகள். தற்காலிக அடைப்பு ஒரு சனிக்கிழமை மாலையில் ரொட்டி சாப்பிடும்போது பெயர்ந்து விழுந்தது. நிலையத்தின் தொலைபேசியை திங்கட்கிழமை காலை வரை எவரும் எடுக்கவில்லை. அடைப்பு விழுந்தால் எச்சில் உள்ளே கசிந்து, சுத்தம் செய்த கால்வாய் மறுபடியும் அசுத்தமாகிவிடும் என்பதால், அப்படி நேர்ந்தால் வார இறுதியில் யாரை அழைப்பது என்று நோயாளியின் அட்டையில் எழுதித் தரவேண்டும். அந்தப் பக்கத்தால் மெல்லக்கூடாது என்று சொல்கிறார்கள். ஏன் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னால் மக்கள் கவனமாக இருப்பார்கள்.

இதைவிடப் பெரிய குறை, பல்லின் மேல் போடும் உறையின் கட்டணம் பற்றியது. முதல் நாளில் கூறப்பட்ட தொகை வேர் சிகிச்சைக்கு மட்டுமே உரியது. உறைக்கு ஏறக்குறைய அதேயளவு பணம் தனியாக வேண்டும் என்பது கால்வாய்களை நிரப்பிய அன்றே தெரியவந்தது. ஒவ்வொரு வருகையிலும் பகுதி பகுதியாகச் செலுத்த அனுமதிப்பது நல்ல ஏற்பாடுதான். ஆயினும் தோட்டத்துச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு முழுத் தொகை தொடக்கத்திலேயே தெரிந்தாக வேண்டும். தெரியாத நிலையில், வலி போய்விட்டது, இனி எதற்கு உறை என்று பலர் நின்றுவிடுகிறார்கள். கடைவாய்ப்பற்களில் இது ஆபத்தான முடிவு. சொத்தையாலும் துளையிட்டதாலும் சுவர்களை இழந்த பல், மெல்லும் அழுத்தத்தில் நெடுக்காகப் பிளக்கும். அப்படிப் பிளந்தால் செய்த செலவெல்லாம் வீணாகி, பல்லைப் பிடுங்கவே நேரும். 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், வேர் சிகிச்சைக்குப் பின் உறை போடாத பற்கள், போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. சிதைவு குறைந்த முன்பல்லுக்குச் சாதாரண அடைப்பே பல வேளைகளில் போதும். வெளியே தெரியாத கடைவாய்ப்பல்லுக்கு உலோக உறையே உறுதியானது, விலையும் குறைவு. வெள்ளை நிறத்துக்காகக் கூடுதலாகச் செலவழிப்பது அவரவர் விருப்பம்.

சிகிச்சைக்குப் பிந்திய நாட்களைப் பற்றி இந்நிலையம் தரும் தாள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டுமே உள்ளதால், அதன் சாரத்தையும் வைத்தியர் நேரில் சொன்னதையும் இங்கே தருகிறேன். விறைப்பு நீங்கும்வரை சூடான தேநீரைத் தவிர்க்கவேண்டும். இல்லையெனில் உதடும் கன்னமும் புண்ணாகும். கடிக்கும்போது சில நாட்களுக்கு நோவு இருப்பது இயல்பு. அதற்குப் பனடோல் (பரசிட்டமோல்) போதும். வளர்ந்தவர்கள் ஒரு நாளில் 500 மில்லிகிராம் மாத்திரைகள் எட்டைத் தாண்டக்கூடாது. இபுபுரொபன் என்ற வலிமாத்திரை நன்றாகக் கேட்கும். எனினும் வயிற்றுப்புண் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது, டெங்கு உள்ள நாட்டில் காய்ச்சல் நேரத்தில் அதைத் தொடவே கூடாது. அஸ்பிரினைப் பல்லோரத்தில் அடக்கி வைக்கும் பழக்கம் நம் தோட்டத்து லயன் வீடுகளில் இன்னும் உண்டு. அது ஈறைச் சுட்டுவிடும். மருந்துக்கடையில் வாங்கும் அமொக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்து இறந்த கூழைச் சுத்தம் செய்யாது. வீக்கம் தாடைக்குக் கீழே பரவினாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமமானாலோ, பல் நிலையத்தின் நேரத்துக்குக் காத்திராமல் பெரிய வைத்தியசாலைக்கு விரையவேண்டும்.

நரம்பில்லாத பல்லுக்கு மறுபடியும் சொத்தை வராது என்று எண்ணுபவர்கள் பலர். உறையின் விளிம்போரத்தில் தாராளமாக வரும். நரம்பு இல்லாததால் முன்னறிவிக்கும் வலிதான் வராது. ஆகவே புளோரைட்டு உள்ள பற்பசையால் இரவில் படுக்குமுன் துலக்குவது அவசியம். துலக்கிய பின் நுரையைத் துப்பிவிட்டு, வாயைத் தண்ணீரால் கொப்பளிக்காமல் விடுவது நல்லது. அநுராதபுரம் போன்ற வரண்ட பிரதேசங்களின் கிணற்று நீரில் புளோரைட்டு மிகுதியால் பற்கள் கறைபடுகின்றன. நமது மலைநாட்டு நீரிலோ அது மிகக் குறைவு. எனவே நமக்கு அது பற்பசையிலிருந்துதான் கிடைக்கவேண்டும். வெற்றிலை பாக்குப் போடுபவர்கள் உறை போட்ட பக்கத்துக்காவது ஓய்வு கொடுக்கலாம். முற்றாக விடுவது வாய் முழுவதற்குமே நன்மை.

அரச வைத்தியசாலைகளின் பல் பிரிவுகளில் சிகிச்சை இலவசம் என்பதையும், பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையில் நிபுணர்களின் மேற்பார்வையில் வேர் சிகிச்சை செய்யப்படுகிறது என்பதையும் கட்டணத்துக்குத் தயங்குபவர்கள் நினைவிற்கொள்ளவேண்டும். ஆனால் ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பஸ்ஸில் பேராதனைக்குப் போய்வர ஒரு நாள் முழுதும் செலவாகும். பலமுறை போகவேண்டியிருந்தால் இழக்கும் நாட்சம்பளத்தையும் கணக்கில் சேர்த்தே இரண்டையும் ஒப்பிடவேண்டும். முதன்முறையாக வேர் சிகிச்சை பெறுபவர்களுக்கு இந்த ஹட்டன் நிலையத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். முன்னர் வேறிடத்தில் செய்து பழுதான பல்லை அவர்களே ஏற்பதில்லை. கண்டியிலுள்ள நிபுணருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறார்கள். வேர்நுனி எலும்பு ஆறியுள்ளதா என்று பார்க்க ஒரு வருடத்தின் பின் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். அதற்கு அவர்கள் அழைப்பார்கள் என்று காத்திராமல், உறை போடும் அன்றே திகதியை அட்டையில் எழுதி வாங்கிவிடுங்கள்.