'ஸ்பெஷல் சைல்ட் கார் சீட்' என்று விற்கிறார்கள், உஷார்!

ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கார் சீட் தேடிக்கொண்டிருக்கும் சென்னைப் பெற்றோர் யாராவது இருந்தால், பணத்தைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது. ஆனால் இந்த வேலையைச் செய்கிற கடை ஊரிலேயே அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் மகனுக்கு மூன்றரை வயது, 15 கிலோ. பேச்சு இப்போதுதான் ஒவ்வொரு வார்த்தையாக வருகிறது. கழுத்தில் எது உரசினாலும் அவனுக்கு ஆகாது. சட்டை லேபிளைக் கத்தரித்துவிட்டுத்தான் போட முடியும், நைலான் துணி பட்டால் அலறல்தான். மேடவாக்கத்திலிருந்து அடையாறுக்குத் தெரபிக்காகக் காரில் போகிறோம். கைக்குழந்தையில் வாங்கிய சீட் 13 கிலோவரைக்கும்தான். அதிலேயே கடைசி நாட்களில் விஜயநகர் சிக்னல் வருவதற்குள் தோளை நெளித்து இரண்டு கையையும் பெல்ட்டிலிருந்து உருவிவிடுவான். என் மாமியார், "நாங்கல்லாம் மடியில வச்சுக்கிட்டுத்தானே வந்தோம், உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு" என்பார். வேகமாகப் போகிற கார் சட்டென்று எதிலாவது மோதினால் 15 கிலோ குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. அதனால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டோம்.

மவுண்ட் ரோடு பக்கம் கார் ஆக்சசரீஸ் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் ஒரு கடைக்குப் போனோம். பையனுக்கு என்ன பிரச்சினை என்று சொன்னதுமே அங்கே பதில் தயாராக இருந்தது. "ஆட்டிசமா மேடம்? அதுக்குன்னே தனியா இருக்கு. நிறைய ஸ்பெஷல் சைல்ட் பேரன்ட்ஸ் நம்மகிட்டதான் வாங்கிட்டுப் போறாங்க." ஐரோப்பிய ஸ்டாண்டர்டு இருக்கிறதா என்று கேட்டேன். சீட்டைத் திருப்பி ஆரஞ்சு ஸ்டிக்கரைக் காட்டினார். "போலீஸ் நிறுத்துனாலும் கவலை இல்ல சார், சீட் இருந்தா ஆயிரம் ரூபா ஃபைன் கிடையாது" என்று என் கணவரிடம் கூடுதலாக ஒரு போடு. அந்த ஃபைன் விஷயம் உண்மைதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. பொய் சொல்கிறவர்கள் பக்கத்திலேயே இப்படி ஒரு உண்மையையும் வைத்துவிடுகிறார்கள்.

சீட் 11,500 ரூபாய். அதற்கு மேல் 3,800 ரூபாய்க்கு 'சென்சரி ஆல்ட்ரேஷன்'. ஒரிஜினல் தோள் பெல்ட்டுகளை எடுத்துவிட்டு, மெத்தென்று வெல்வெட் வைத்த பட்டையை சீட் கவர் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துத் தந்தார்கள். பையன் பக்கிளை அமுக்கித் திறந்துவிடாமல் இருக்க, சிவப்பு பட்டன் மேல் சாவி போட்டுத் திறக்கிற ஒரு பிளாஸ்டிக் மூடி. பில் கேட்டால் 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த தாளில் கையால் எழுதித் தந்தார்கள். "ஜிஎஸ்டி பில் வேணும்னா தனியா வரும் மேடம்." கீழே வழக்கமான வரி: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.

வீட்டிலிருந்து கிளம்பும்போது பெல்ட்டை நன்றாக இழுத்து இறுக்கிவிடுவேன். பள்ளிக்கரணை தாண்டுவதற்குள் தானாகவே தளர்ந்திருக்கும். பையன் இழுக்கவே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். சீட்டின் முன்பக்கம் ஒரு பட்டையை இழுத்து இறுக்குகிறோம் அல்லவா, அதற்குள் பட்டையைக் கவ்விப்பிடிக்கிற பல் இருக்கிறது. அந்தப் பல் ஒரிஜினல் பாலியஸ்டர் பட்டையின் தடிமனுக்காகச் செய்தது. வெல்வெட் அதில் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே வந்தது. கடைக்குப் போன் செய்தால் என்ன சொன்னார்கள் தெரியுமா? "குழந்தை இழுக்குறான் மேடம், இந்த மாதிரிப் பசங்க அப்படித்தான்." எனக்கு இன்றுவரை ஆறாதது பணத்தைவிட இந்த வார்த்தைதான். அவர்கள் செய்த பெல்ட் வழுக்குவதற்கு என் பிள்ளையின் ஆட்டிசம் காரணமாம்.

எதிர் ஃபிளாட் அண்ணன் மறைமலை நகர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறார். சீட்டை ஹாலில் போட்டு, தையலின் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக் காட்டினார். இரண்டு பட்டைக்கும் நடுவே பல் தெரிவதுபோல நூல் தெரிந்தது. சாதாரண சீட் கவர் நூல், ஒரே ஒரு வரி ஓட்டம். "ஒரிஜினல்ல இங்க நெருக்கமா அடுக்கடுக்கா தச்சிருப்பாங்கம்மா. பிரேக் போட்டாலே இது தாங்குமான்னு சந்தேகம்" என்றார். குழந்தை கார் சீட்டுகளுக்கான ஐரோப்பிய ஆர்44 விதியில் முன்மோதல் சோதனையை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், பொம்மையை உட்கார வைத்துச் செய்கிறார்கள். அதில் தேறுவது சீட், பட்டை, பக்கிள், தையல் எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். அதில் ஒன்றை மாற்றினாலும் அந்தச் சான்று செத்தது.

செத்துப்போவதற்குச் சான்று என்று ஒன்று இருந்திருந்தால்தானே! அந்த ஸ்டிக்கரே போலி. உண்மையான ஆர்44 ஸ்டிக்கரில் வட்டத்துக்குள் 'E' என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு நாட்டு எண்ணும் இருக்கும். 1 என்றால் ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். அதன் கீழே 03 அல்லது 04 என்று தொடங்கும் அனுமதி எண், எத்தனை கிலோவுக்கு என்ற விவரமும் இருக்கும். எங்கள் சீட்டில் வட்டமும் எழுத்தும் இருந்தன. நாட்டு எண்ணும் இல்லை, அனுமதி எண்ணும் இல்லை. புது விதியான ஆர்129 சீட் என்றால் எடைக்குப் பதிலாகப் பெரும்பாலும் உயரத்தைச் சென்டிமீட்டரில் போட்டிருப்பார்கள். இந்தியத் தரத்துக்கு ஏஐஎஸ் 072 என்று பெயர். கடையில் நின்றபடியே போனில் ஸ்டிக்கரைப் பெரிதாக்கிப் பார்த்துவிடலாம், ஒரு நிமிட வேலை.

சாவி மூடி இன்னும் மோசம். அந்த பட்டனைச் சிவப்பாக வைத்து, ஒரே அமுக்கில் திறக்கும்படி செய்திருப்பதே விபத்து நடந்த இடத்துக்கு ஓடிவருகிறவர், யாரோ முன்பின் தெரியாதவர், குழந்தையை உடனே வெளியே எடுக்கத்தான். அவர் எங்கே போய்ச் சாவியைத் தேடுவார்?

எங்கள் தெரபிஸ்ட் சொன்னதைக் கேட்டதும்தான் கோபம் தலைக்கேறியது. இவனைப் போன்ற பிள்ளைகள் பலருக்கு லேசான தொடுதல்தான் தொந்தரவு, அழுத்தமான பிடி அமைதியைக் கொடுக்கும். மெத்தென்று தளர்வாகத் தொங்கி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் கழுத்தை வருடுகிற பட்டை அவனுக்குச் சித்திரவதை. ஆக 3,800 ரூபாய் கொடுத்து அவனால் தாங்கவே முடியாத ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறோம்.

இப்போது ஒழுங்கான ஆர்129 சீட் ஒன்று வாங்கி, காரிலேயே இருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கியிலும், சீட்டின் மேல்பக்கத்தைக் காரோடு பிடித்துக் கட்டும் மேல் பட்டையிலும் மாட்டியிருக்கிறோம். சீட்டில் எந்த மாற்றமும் கிடையாது, சீட்டோடு வந்த பேடுகளைத் தவிர வேறு எதுவும் பெல்ட்டுக்கு அடியில் போவதில்லை. மாற்றியதெல்லாம் சுற்றி இருப்பவைதான். காரில் மாட்டுவதற்கு முன் கொஞ்ச நாள் சீட்டை ஹாலில் போட்டு, அதில் உட்கார்ந்துதான் முறுக்கு தின்றான். பக்கிளின் 'டக்' சத்தம் பயமாக இருந்தது, அதை அவன் கையாலேயே போட விட்டோம், பயம் போயிற்று. கழுத்துவரை மூடும் மெல்லிய காட்டன் டி-ஷர்ட் போட்டால் பட்டை தோலில் படாது. ஹாரன் சத்தத்துக்குக் காதை மூடும் மஃப். சீட், பெல்ட், கார், தெரபி ரூம் ஊஞ்சல் என்று வரிசையாகப் படம் ஒட்டிய அட்டையைக் கையில் கொடுக்கிறோம். வெயிலில் நிறுத்தினால் சீட்டின் மேல் வெள்ளைத் துண்டு போடாமல் இறங்குவதில்லை. மே மாத மெட்ராஸ் வெயிலில் பக்கிளின் உலோக நாக்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். பெல்ட் போட்டதும் தோள் பக்கம் பட்டையை இரண்டு விரலால் மடித்துக் கிள்ளிப் பார்ப்பேன். கிள்ள வந்தால் இன்னும் தளர்வு என்று அர்த்தம். இன்னமும் சில நாள் கையை உருவத்தான் செய்கிறான். அப்போது ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, பெல்ட் சரியானதும்தான் கிளம்புவோம். தெரபிக்கு லேட்டானால் ஆகட்டும். உங்களுக்குத் தெரபிஸ்ட் இல்லை என்றால், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக மத்திய அரசு நடத்தும் நிப்மெட் நிறுவனத்தில் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) பிரிவு இருக்கிறது, அங்கே கேட்டுப்பாருங்கள்.

கடைக்காரர் பணத்தைத் தர மறுத்தார். "கஸ்டமைஸ் பண்ணதுக்கு ரிட்டர்ன் கிடையாது." 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வணிகமுறை. பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் பொருளை வாங்கிக்கொண்டு பணத்தைத் தரவேண்டும். 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்ததும் குரல் மாறியது. பாதிப் பணம் தருகிறோம், கூகுளில் போட்ட விமர்சனத்தை எடுத்துவிடுங்கள் என்றார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் போட்டோம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. கையால் எழுதின அந்த எஸ்டிமேட் தாளும் ஜிபே ரசீதும்தான் எங்கள் ஆதாரம்.

இதே மாதிரி வெல்வெட் பெல்ட் சீட் உங்கள் வீட்டில் இருந்தால் குழந்தையை அதில் உட்கார வைக்காதீர்கள். தையல், ஸ்டிக்கர், பில் மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். கடையில் "கொண்டாங்க, சரி பண்ணித் தர்றோம்" என்பார்கள். எங்களிடமும் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டு ரசீது தராமல் சீட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.