சம்பவத்துக்குப் பின்: டிப்ரீஃபிங்கா, ட்ரிம்மா?

கண்ணெதிரே தோழன் செத்திருக்கிறான். அப்புறம் அந்தப் படைவீரரிடம் யார், எப்போது பேசுவது?

அமெரிக்கரான ஜெஃப்ரி மிட்செல் 1983-இல் முன்வைத்த டிப்ரீஃபிங் முறையில், ஓரிரு நாளிலேயே குழுவாக உட்காரவைத்து ஏழு கட்டமாகப் பேசவைப்பார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் ஒரே அமர்வில் முடியும் டிப்ரீஃபிங்கை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2005-இல் சொல்லிவிட்டது.

பிரிட்டனின் ராயல் மரீன்ஸ் படையில் 1990-களில் உருவான ட்ரிம் (TRiM) என்ற சக வீரர் உதவி முறை அவசரப்படுவதில்லை. மூன்று நாள் விட்டு, பயிற்சி பெற்ற சக வீரர் ஒருவர் (மருத்துவர் அல்ல) சம்பவத்துக்கு முன், நடந்தபோது, பிறகு என்று கேட்கிறார். குடி, குற்றவுணர்வு போன்றவற்றைக் கவனித்து, ஆபத்து எவ்வளவு என்று மதிப்பெண் போடுகிறார். சுமார் ஒரு மாதம் கழித்து மறுபடி. மதிப்பெண் இறங்கவில்லையா, மருத்துவரிடம் அனுப்புகிறார்.

அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயையே (PTSD) தடுக்கும் என்று ட்ரிம்முக்கும் நிரூபணம் இல்லை, சரி. ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். இரண்டாம் முறை வந்து கேட்கிறார்களே!