கார் ஏசியில் சத்தம் என்று கராஜுக்குப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

திருகோணமலையில் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும். ஏசி வேலை என்ற பெயரில் 32,000 ரூபாய் கொடுத்து ஏமாந்துவிட்டேன். கராஜின் பெயரை நான் எழுதவில்லை. நடந்ததைத் தெரிந்து வைத்திருந்தால் எந்தக் கராஜுக்குப் போனாலும் உங்களுக்கு உதவும்.

எங்கள் வீடு உப்புவெளியில். வாசலில் நிற்கும் வேம்பின் கீழேதான் எங்கள் டொயோட்டா விட்ஸ் கார் எப்போதும் நிற்கும். ஆனி மாதம், கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நாட்களில், ஏசியைப் போட்டதும் இடப்பக்க டேஷ்போர்டுக்குள் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. ஒரு கிழமையில் அது ‘கிரீச்’ என்று இழுக்கத் தொடங்கிவிட்டது. அம்மாவை அடிக்கடி கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும். அந்த வெக்கையில் ஏசி இல்லாமல் அவவால் இருக்க முடியாது. அதனால் அவசரப்பட்டேன்.

கராஜில் பொனட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, “அண்ணே, கொம்பிரசர் பெயரிங் போயிட்டுது” என்றார்கள். 85,000 ஆகும் என்றதும் நான் தயங்கினேன். உடனே, “அப்ப புளோவர் மோட்டரை மாத்திப் பாப்பம், ஜப்பான் ரீகண்டிஷன் ஒண்டு கிடக்கு” என்றார்கள். இரண்டு நிமிடத்தில் வியாதியே வேறாகிவிட்டது. அப்போதே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும்.

இது தெரியாததால்தான் மாட்டிக்கொண்டேன், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். ஏசி வாயுவை அழுத்தும் கொம்பிரசர், எங்கள் கார் மாதிரி ஹைபிரிட் அல்லாத வண்டிகளில் எஞ்சினோடு சேர்ந்து பெல்ட்டில் ஓடுவது. அது கெட்டால் சத்தம் பொனட் பக்கமிருந்து வரும், அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடும். புளோவர், உள்ளே காற்றைத் தள்ளும் மின்விசிறி. அதற்கு பற்றரி போதும். ஆகவே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ‘ON’ நிலையில் வைத்து, ஏசி பட்டனை நிறுத்திவிட்டு, காற்றை 1, 2, 3, 4 என்று கூட்டிப் பாருங்கள். சத்தமும் கூடவே கூடினால் அது புளோவர்தான், கொம்பிரசர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘டிக் டிக்’ என்றால் பெரும்பாலும் இலையோ குச்சியோ விசிறிச் சக்கரத்தில் தட்டுகிறது. வைப்பருக்குக் கீழே இருக்கும் கிறில் வழியாகத்தான் இவை உள்ளே போகும். ‘கிரீச்’ என்று இழுத்தால் மோட்டரின் புஷ், அதாவது அச்சைத் தாங்கும் வளையம், காய்ந்துவிட்டது அல்லது தேய்ந்துவிட்டது.

சரி, புளோவர் மோட்டரை மாற்றச் சொல்லி அந்த 32,000 ரூபாயைக் கொடுத்தேன். மாலையில் வந்து வண்டியை எடுத்தபோது சத்தமில்லை. பழைய மோட்டரைக் கேட்டதற்கு “அதை அப்பவே எறிஞ்சிட்டம்” என்றார்கள். பில் என்று தந்த துண்டில் ‘ஏசி வேலை’ என்றும் தொகையும் மட்டும் இருந்தன.

பத்தாம் நாள் அதே சத்தம் திரும்பி வந்தது. மூதூரிலிருந்து வந்திருந்த மச்சான், “கழட்டிப் பாப்பம்” என்று இடப்பக்க இருக்கைக்கு முன்னால் காலடியில் குனிந்தார். மோட்டரின் வயர் பிளக்கை இழுத்து, மூன்று ஸ்குரூவைக் கழற்றியதும் மோட்டர் கையில் வந்துவிட்டது. கால் மணித்தியாலம் கூட ஆகவில்லை. சக்கரத்தின் இடுக்குகளில் தூசி கட்டிபட்டு அடைந்திருந்தது. அந்தத் தூசிக்குள் காய்ந்த வேப்பம்பூ. எங்கள் வேம்பு சித்திரையில் பூ கொட்டும். மோட்டரை மாற்றியதாகச் சொன்னதோ ஆடி மாதத்தில். பத்து நாளில் எந்த மோட்டரிலும் அவ்வளவு தூசி இறுகாது. அச்சைச் சுற்றி மட்டும் ஸ்பிரே ஒயிலின் ஈரம். மாற்றவே இல்லை, கண்ணுக்குத் தெரிந்த குப்பையை எடுத்துவிட்டு ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். அந்த மாதிரி ஸ்பிரே சில நாள் சத்தத்தை அடக்கும். அப்புறம் அது காய்ந்துபோக, புஷ் முன்பை விட மோசமாகத் தேயும். இறுகி ஓடும் மோட்டர் கரண்டையும் கூடுதலாக இழுக்கும், பிளக் சூடாகி உருகவும் கூடும்.

அச்சைக் கையால் ஆட்டினால் ஆடியது. அதனால் பாட்ஸ் கடையில் பாவித்த மோட்டர் ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கி நாங்களே பூட்டினோம். உங்கள் வண்டியில் ‘டிக் டிக்’ மட்டும்தான் என்றால் சுத்தம் பண்ணினாலே போதும். சக்கரத்தின் ஓரத்தில் சின்ன உலோகக் கிளிப் இருந்தால் அதைக் குப்பை என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். அது எடை சமன் செய்ய வைத்தது, போனால் சக்கரம் அதிரும்.

கராஜுக்குப் போய்க் கேட்டேன். “வேற ஆள் கழட்டினா நாங்க பொறுப்பில்லை அண்ணே” என்றுவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார் முதலாளி. பணத்தை விட அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மாவை ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டி என்று அவரிடம் சொல்லித்தான் கொடுத்திருந்தேன்.

தயவு செய்து பாகம் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழையதைக் கையில் வாங்குங்கள். எந்தப் பாகம், புதிதா பாவித்ததா, எவ்வளவு நாள் உத்தரவாதம் என்று பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை அது. நானும் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அந்த மோட்டரை எறியவில்லை. வேப்பம்பூவும் தூசியும் அப்படியே இருக்க, ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன்.