ஓப்பன் டிரெய்லர் வாடகை: டேங்க் பட்டறைக்காரர் பார்வையில்

கோவை குறிச்சிப் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் செய்கிற பட்டறை எங்களுடையது. சரக்கு பெரும்பாலும் புனே, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று போகும். கிரேனில் தூக்கி மேலிருந்து இறக்க வேண்டிய உருப்படி என்பதால், மூடிய கன்டெய்னர் லாரி ஆகாது. ஓப்பன் டிரெய்லர்தான். பல வருடமாக வண்டி போட்டதில் வாடகை எதை வைத்து ஏறி இறங்குகிறது என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

"டன்னுக்கு எவ்வளவு?" என்றுதான் புதிதாக அனுப்புகிறவர்கள் கேட்பார்கள். கம்பி, தகடு ஏற்றுபவருக்கு அது சரி. எங்கள் டேங்க் 4 டன்தான் இருக்கும், ஆனால் டிரெய்லர் தளத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். பக்கத்தில் வேறு சரக்கு வைக்க வழியில்லை. எடை எவ்வளவு குறைந்தாலும் முழு வண்டி வாடகைதான்.

எடையைவிட எங்களைப் படுத்துவது அகலம். சரக்கோடு சேர்த்து வண்டி 2.6 மீட்டருக்குள் இருந்தால் சாதாரண லோடு. டேங்க் 2.8 மீட்டர் என்றால் அது ஓடிசி, அதாவது அளவு மீறிய சரக்கு. தனி அனுமதி, பெரும்பாலும் தாழ்வான லோ-பெட் வண்டி, மெதுவான ஓட்டம் என்று எல்லாமே மாறிவிடும். அனுமதி இல்லாமல் சரக்கு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு போனால், 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம். சரக்கோடு போகிற ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில்லில்கூட இந்த வித்தியாசம் உண்டு: சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் அவகாசம், ஓடிசிக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். எவ்வளவு மெதுவாகப் போகும் என்று அரசாங்கமே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது! அதனால் இப்போதெல்லாம் டிராயிங் போடும்போதே அகலத்தைப் பேசிவிடுகிறோம். விட்டத்தைச் சற்றுக் குறைத்து உயரத்தைக் கூட்டலாமா, பக்கவாட்டில் நீட்டி நிற்கிற குழாய் இணைப்புகளை (நாசில்) சைட்டில் போய் போல்ட் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்போம். வாடகையில் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதைவிட இதில் மிச்சமாவது அதிகம்.

அடுத்தது ரிட்டர்ன் லோடு. கோவையிலிருந்து புனே சுமார் 1,150 கிலோமீட்டர். டிரெய்லர் லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கொடுத்தால், டீசல் 92 ரூபாய் என்று வைத்து, ஒரு வழிக்கே 35,000 ரூபாய். 4 முதல் 6 ஆக்சில் வண்டிக்கு டோல் கட்டணம் காருக்கு ஆவதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். டிரைவர் படி, டயர் தேய்மானம், வண்டி டியூ எல்லாம் தனி. திரும்பி வர லோடு கிடைக்காது என்று ஓனருக்குத் தோன்றினால் அந்தச் செலவையும் நம் தலையில்தான் வைப்பார். வைக்காமல் என்ன செய்வார்? புனே பக்கம் தொழிற்சாலைகள் நிறைய என்பதால் திரும்பச் சரக்கு கிடைக்கும், ரேட் படியும். உள்ளே தள்ளி இருக்கிற சர்க்கரை ஆலைக்கு அனுப்பும்போது, தூரம் குறைவாக இருந்தும் அதிகம் கேட்பார்கள். மார்ச் கடைசியில் எல்லோரும் பில் போடத் துடிப்பார்கள், வண்டி கிடைக்காது. ஆயுத பூஜை, பொங்கல் சமயம் டிரைவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். இரண்டு வாரம் தள்ளி அனுப்ப முடிந்தால் தள்ளிவிடுவது நல்லது.

பேசிய வாடகைக்கு மேல் வருவதில் மோசமானது ஹால்டிங், அதாவது வண்டி காத்து நிற்கிற நாட்களுக்கான கட்டணம். போன தடவை புனேயில் ஒரு கம்பெனி, கிரேன் வரவில்லை என்று வண்டியை மூன்று நாள் கேட்டிலேயே நிறுத்திவிட்டது. அந்த நாட்களுக்கு நாங்கள்தான் பணம் கட்டினோம். இப்போது ஆர்டரிலேயே "24 மணி நேரத்துக்கு மேல் ஹால்டிங் வாங்குபவர் பொறுப்பு" என்று எழுதிவிடுகிறோம். கையெழுத்துப் போடத் தயங்குகிற பார்ட்டியும் உண்டு. ஏற்றும்போது ஹைட்ரா கிரேனுக்கு மினிமம் வாடகை, அடியில் வைக்கிற மரக்கட்டை, செயின், பெல்ட், தார்ப்பாய் இவையெல்லாம் யார் பொறுப்பு என்பதையும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, லாரி ஆபீஸ் வரி போடாமல் பில் கொடுத்தால், 5 சதவீதத்தை நாமே ரிவர்ஸ் சார்ஜில் கட்டி, பிறகு நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கிரெடிட்டாகக் கழித்துக்கொள்ளலாம். திரும்பி வந்துவிடுகிற பணம்தான்.

இன்சூரன்ஸை மட்டும் விடக்கூடாது. சரக்கின் மதிப்பை அதிகமாகக் குறிப்பிட்டு அதற்கான கூடுதல் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், நஷ்டத்துக்கு டிரான்ஸ்போர்ட்காரர் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கு வரைதான். வாடகை 80,000 என்றால் 8 லட்சம். 15 லட்ச ரூபாய் டேங்க் உருண்டால் மீதியை யார் தருவது?

இப்போது நாங்கள் போடுகிற லாரி ஆபீஸ் வெளி ரேட்டைவிடச் சில ஆயிரம் கூடத்தான் கேட்கும். ஆனால் 40 அடி என்று சொன்னால் 40 அடி வண்டியே வரும். குறைந்த ரேட்டுக்கு ஒருமுறை வெளியே பிடித்த வண்டி, தளம் வளைந்து, செயின்கூட இல்லாமல் வந்து நின்றது. திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி இவர்களுக்கே போன் போட்டோம். 10 அடிக்குள் அடங்குகிற சின்ன உருப்படி என்றால் முழு டிரெய்லர் பேசவே வேண்டாம், மற்றவர் சரக்கோடு சேர்த்து ஏற்றுகிற பார்ட் லோடு கேளுங்கள். ஒரு வாரம் தாமதமாகும், அவ்வளவுதான்.