கூகுள் கோலாபில் டேட்டா சயின்ஸ் லேப்: சில வருடங்கள் நடத்திய பிறகு

பெங்களூரில் ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் டேட்டா சயின்ஸ் லேப் எடுக்கிறேன். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பில் வேறு வழியில்லாமல் பிடித்த கூகுள் கோலாபை, அதாவது பிரவுசரிலேயே பைத்தான் எழுதி ஓட்டும் கூகுளின் சேவையை, இன்னும் விடவில்லை. உங்கள் கல்லூரியிலும் மாறலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு: முதல் செமஸ்டருக்கு தாராளமாக மாறலாம். அதற்கு மேலும் அதிலேயே உட்கார வைத்தால், பிள்ளைகளுக்கு செல் (நிரலைத் துண்டு துண்டாக எழுதும் பெட்டி) ஓட்டத் தெரியும், புரோகிராம் எழுத வராது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் லேப் கம்ப்யூட்டர்கள் 4 ஜிபி ரேம். பைத்தான் மென்பொருள் தொகுப்பான அனகோண்டாவைத் திறந்துவிட்டு கேன்டீன் போய் டீ குடித்து வரலாம். கோலாபுக்கு பிரவுசர் போதும். இலவசக் கணக்கிலேயே சுமார் 12 ஜிபி ரேம் கிடைக்கிறது. எல்லோருக்கும் ஒரே பைத்தான், ஒரே பாண்டாஸ் (அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் நூலகம்) என்பதால் இன்ஸ்டால் பஞ்சாயத்து இல்லை. ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பையன் ஒருவன், அக்காவின் பழைய லேப்டாப்பில் மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டே ஒரு செமஸ்டரை முடித்தான்.

தொல்லை என்றால் ரன்டைம், அதாவது நம் நிரல் ஓட கூகுள் தற்காலிகமாகத் தரும் கம்ப்யூட்டர். சும்மா விட்டால் கொஞ்ச நேரத்தில் துண்டித்துவிடும். இலவசத்தில் எப்படிப் பார்த்தாலும் 12 மணி நேரத்துக்கு மேல் கிடையாது. ஏற்றி வைத்த கோப்பும் அதோடு போய்விடும். “காலையில ஓடுச்சு மேடம், இப்ப ஃபைலே இல்லைங்குது” என்று தமிழ்ப் பிள்ளைகள் வகுப்பு முடிந்ததும் வந்து நிற்பார்கள். கூகுள் டிரைவை இணைக்கச் சொல்லிக் கொடுத்தால் தீர்ந்தது.

தீராத தொல்லை வேறு. இது கோலாபுடையது மட்டுமல்ல, அது எந்த ஜூப்பிட்டர் நோட்புக்கிலிருந்து (செல்களும் விடைகளும் ஒரே பக்கத்தில் இருக்கும் கோப்பு) வந்ததோ அதிலேயே இருப்பது. செல்களை எந்த வரிசையிலும் ஓட்டலாம். ஒரு செல்லை அழித்தாலும் அது உருவாக்கிய மாறி நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். வைவாவில் ஒரு மாணவியின் நோட்புக்கைப் பார்த்தேன். செல்களுக்குப் பக்கத்தில், ஓட்டிய வரிசையைக் காட்டும் எண்கள் மேலிருந்து கீழாக 47, 12, 53, 9 என்று போகின்றன. கடைசியில் அழகான வரைபடம், நல்ல அக்யூரசி. ரீஸ்டார்ட் செய்து எல்லாவற்றையும் ஓட்டு என்றேன். மூன்றாவது செல்லிலேயே நேம் எரர், அப்படியொரு பெயரே இல்லை என்று. விடுபட்ட மதிப்புகளை நீக்கிய செல்லை, வேலை முடிந்ததே என்று அழித்திருக்கிறாள். அவள் ஏமாற்றவில்லை. திரையில் இருந்தது ஒன்று, ஓடியது வேறொன்று. இப்போது ரீஸ்டார்ட் செய்து முழுக்க ஓடாத நோட்புக்கை நான் திருத்துவதே இல்லை. முதல் இரண்டு வாரம் முனகுவார்கள், அப்புறம் பழகிவிடும்.

டேட்டா விஷயத்துக்கு வருகிறேன். பாடத்திட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: புள்ளியியலாளர் ஃபிஷர் 1936இல் தன் கட்டுரையில் பயன்படுத்திய 150 ஐரிஸ் பூக்கள், டைட்டானிக் டேட்டாவின் 891 பயணிகள். எங்கள் லேப் மானுவலில் பாஸ்டன் வீட்டு விலையும் இன்னும் இருக்கிறது. கறுப்பின மக்களின் விகிதத்தை வைத்து உண்டாக்கிய ஒரு நெடுவரிசை அதில் இருப்பதால் சைகிட்-லேர்ன் நூலகத்தின் 1.2 பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள். இறக்கினால் எரர்தான் வரும். மானுவலை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், கமிட்டி கூட வேண்டுமாம்.

அதனால் வீட்டு மின்சார மீட்டரைத் தினமும் பார்த்துக் குறித்து வரச் சொன்னேன். ஐரிஸ் பூ சொல்லித்தராததை எல்லாம் இந்த மீட்டர் சொல்லித்தந்தது. நாம் 12/04 என்று எழுதினால் ஏப்ரல் 12. பாண்டாஸ் இயல்பாக மாதத்தை முதலில் படிக்கும், அதற்கு அது டிசம்பர் 4. 13/04 வந்தால் பதின்மூன்றாவது மாதம் இல்லையே என்று பழைய பதிப்புகள் அதை மட்டும் சரியாகப் படித்துவிடும். தேதி வாரியாக அடுக்கியபோது ஒரு பையன் வீட்டு மீட்டர் பின்னோக்கி ஓடியிருந்தது. வகுப்பே சிரித்தது. நாள்தான் முதலில் என்று சொல்லும் டேஃபர்ஸ்ட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் சரியானது. 2023இல் வந்த பாண்டாஸ் 2.0 பதிப்போ, பட்டியலின் முதல் தேதியை வைத்து ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொண்டு, பொருந்தாதது வந்தால் எரர் காட்டி நின்றுவிடுகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, பாடம் நடத்த ஒரு கதை குறைந்தாலும்.

சமீப காலத் தலைவலி, கோலாபுக்குள்ளேயே வந்துவிட்ட ஏஐ. பாதி வரி அடித்தால் மீதியைச் சாம்பல் நிறத்தில் அதுவே எழுதித் தருகிறது. செட்டிங்ஸில் மறைக்கலாம், ஆனால் மறைக்கவும் திரும்பக் கொண்டுவரவும் பொத்தான் மாணவர் கையில்தான். தடுத்துப் பயனில்லை என்று லேப் மதிப்பெண்ணில் பாதியைக் காகிதத்துக்கு மாற்றிவிட்டேன்: ஐந்து வரிசை கொண்ட ஒரு அட்டவணை, groupby (குழுவாகப் பிரித்துக் கணக்கிடும் கட்டளை) வரி ஒன்று, விடை என்ன என்று கையால் எழுத வேண்டும். ஏஐ எழுதியதை வரி வரியாக விளக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

இரண்டாவது செமஸ்டரில் விஎஸ் கோடு எடிட்டர், சாதாரண பைத்தான் கோப்பு, ஃபங்ஷன், கிட் (Git, கோப்பின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி). அந்த 4 ஜிபி கம்ப்யூட்டர்களிலேயே ஓரளவு ஓடுகிறது. இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஜிபியு (மாடல்களை வேகமாகப் பயிற்றுவிக்க உதவும் சிப்) வேண்டும் என்று திரும்பவும் கோலாபுக்குத்தான் போகிறார்கள். இலவசத்தில் ஜிபியு கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை, டெமோவுக்கு முந்தின இரவு பார்த்து கைவிரிக்கும். அதனால் பயிற்சி கொடுத்த மாடலை அன்றன்றே டிரைவில் சேமிக்காத குழுவுக்கு டெமோ தேதியே தருவதில்லை.