அலையாத்திக் காட்டுக்குக் கிளம்பி ஆத்தங்குடி போன கதை

சிங்கப்பூர்லேருந்து காரைக்குடி வந்து பத்து நாள் ஆச்சு. கோயில், விசேஷ வீடு எல்லாம் எப்பவும் போலதான், அத விடுங்க. இந்த கார் கதைய எழுதலன்னா எனக்குத் தூக்கம் வராது.

அப்பத்தாகிட்ட செக் ஜாவா போட்டோ காட்டுனேன். அது சிங்கப்பூர்ல புலாவ் உபின் தீவுல, அலையாத்தி மரத்துக்கு நடுவுலயும் கடலோரமாவும் ஒரு கிலோமீட்டருக்கு மேல நடந்துக்கிட்டே போற மாதிரி பாலம் போட்டிருப்பான், கீழ சேத்துல நண்டு ஓடும். (2001ல அந்த எடத்தையே மண்ணக் கொட்டித் தூத்துருப்பாங்க, கடைசி நேரத்துல தள்ளி வச்சாங்க, 2007ல பாலம் வந்துச்சு.) "நம்ம பக்கம் இல்லையாப்பா"ன்னுச்சு. இருக்கே, தொண்டி தாண்டி காரங்காடு, அங்க போட்ல கூட்டிட்டுப் போவாங்க.

ஆறு மணிக்குச் சொன்ன டிராவல்ஸ் கார் எட்டே முக்காலுக்கு வருது. சிங்கப்பூர்ல கிராப் டாக்சி நாலு நிமிஷம் லேட்டானா கேன்சல் பண்றவன், இங்க திண்ணையில உக்காந்து மூணு காபி குடிச்சேன். ஏறுனப்புறம் ஆபீஸ் போன், வண்டி தேவகோட்டை பக்கம் போகலன்னு கவனிக்கவே இல்ல, நிமுந்து பாத்தா தரைக்குப் போடுற பூக்கல்லு செய்யற ஆத்தங்குடி! "சிங்கப்பூர் பார்ட்டி எல்லாம் மொதல்ல இங்கதான் சார் வருவாங்க"ங்கறாரு டிரைவர். யோவ், எங்க வீட்டுப் பட்டாலை, அதான் கூடம் பூரா அந்தக் கல்லுதான்யா, தேங்கா எண்ண போட்டுத் தொடச்சே முட்டி தேஞ்சவன் நான்! அப்பத்தா வேற எறங்கிப் போயி, கல்லு செய்யக் கண்ணாடி மேல கலர் ஊத்துற பையன்கிட்ட "பூ கோணுதுடா"ன்னு நின்னுருச்சு. அரை மணி நேரம். அடுத்து கானாடுகாத்தான் பங்களாவாம், அதுக்கு மேல கத்திட்டேன்.

காரங்காடு சேரும்போது உச்சி வெயில். உபின் போட்ல நாலு வெள்ளி குடுத்தாலும் பன்னெண்டு பேர் சேர்ற வரைக்கும் காத்திருக்கணும், இங்கயும் அப்படித்தான்னு நெனச்சேன். போட்டுக்காரத் தம்பி அப்பத்தாவப் பாத்ததும் "ஏறுங்க ஆத்தா"ன்னு கையப் பிடிச்சு உக்கார வச்சிட்டாரு. சேத்துக்கு மேல ஆணி அடிச்சு வச்ச மாதிரி மூச்சு வேரு. ஒரு எலையப் பறிச்சு நக்கிப் பாக்கச் சொன்னாரு. உப்பு! மரம் குடிச்ச உப்ப எலை வழியா வெளிய தள்ளுதாம். அப்பத்தா நாலு எலைய முந்தானையில முடிஞ்சுக்கிச்சு, ரசத்துக்காம்.

வீட்டுக்கு வந்தா பில்லுல ஆத்தங்குடி போயிட்டு வந்த கிலோமீட்டரும் சேந்திருக்கு. நான் எகிறுறேன், அப்பத்தா உள்ள போயி டிரைவருக்கு முறுக்கு எடுத்துட்டு வருது.