ஐபிஎஸ்ஸா, விஏவா: ‘1 மில்லி விநாடி’ மானிட்டர்களின் விவரப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தல்

இரண்டு மானிட்டர்களின் விவரப் பட்டியல்களை அருகருகே வைத்துக்கொள்வோம். இரண்டும் 27 அங்குலத் திரைகள். இரண்டிலும் 2560 × 1440 பிக்சல்கள். இரண்டின் புதுப்பிப்பு வீதமும் 144 ஹெர்ட்ஸ், அதாவது படம் விநாடிக்கு 144 முறை புதுப்பிக்கப்படுகிறது. பார்வைக் கோணம் இரண்டிலும் 178 பாகை. காட்டும் நிறங்கள் 1.67 கோடி, மறுமொழி நேரம் 1 மில்லி விநாடி. பேனல் வகை (எல்சிடி திரையில் திரவப் படிகம் அமைந்துள்ள முறை) என்ற வரியில் மட்டும் ஒன்றில் ஐபிஎஸ் என்றும் மற்றொன்றில் விஏ என்றும் இருக்கிறது. பலரும் இந்த வரியைத் தாண்டிப்போய் மறுமொழி நேரத்தைப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு வந்து, விலை குறைந்ததை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அன்றாடப் பயன்பாட்டில் இவ்விரு திரைகளும் கண்ணுக்குத் தரும் அனுபவம் மிகவும் வேறானது. அந்த வேறுபாட்டைப் பட்டியலிலிருந்தே ஊகிக்க வேண்டுமானால், ஒவ்வொரு எண்ணும் எப்படி அளக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

மறுமொழி நேரம் எதை அளக்கிறது

ஒரு பிக்சல் ஒரு வெளிச்ச நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரமே மறுமொழி நேரம். 2001-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 13406-2 தரநிலை, பிக்சல் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போய் மீண்டும் கறுப்புக்குத் திரும்பும் நேரத்தைக் கூட்டிச் சொன்னது. பிக்சலின் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் திரவப் படிகத்துக்கு மின்னழுத்த வேறுபாடு பெரிதாக இருந்தால் அது விரைவாகத் திரும்பும். வேறுபாடு சிறிதாக இருந்தால் மெதுவாக நகரும். ஆகவே கறுப்பு–வெள்ளைத் தாவல் ஒப்பளவில் எளிதான வேலை. ஒரு சாம்பல் நிறத்திலிருந்து அதற்குச் சற்றே மாறுபட்ட இன்னொரு சாம்பலுக்கு மாறுவதுதான் கடினம். திரையில் நாம் பார்க்கும் அசைவுகளில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதால், சாம்பலிலிருந்து சாம்பலுக்கு எடுக்கும் நேரத்தைக் குறிக்கும் ஜிடிஜி அளவு பின்னர் வழக்கத்துக்கு வந்தது.

ஜிடிஜி அளவும் அவ்வளவு வெளிப்படையானதல்ல. வழக்கமான அளவீட்டில், மாற்றத்தின் முதல் 10 விழுக்காடும் கடைசி 10 விழுக்காடும் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. நடுவிலுள்ள 80 விழுக்காட்டுக்கான நேரமே எண்ணாகிறது. மெதுவான பேனல்களில் அந்தக் கடைசிப் பகுதிதான் நீண்ட வாலாக இழுத்துக்கொண்டு போகும். மேலும் ஒரு பிக்சலுக்கு 256 வெளிச்ச நிலைகள் இருக்கும்போது, அவற்றுக்கிடையிலான மாற்றங்கள் பல்லாயிரம்; அவற்றில் எந்த மாற்றத்தின் நேரத்தை அச்சிட்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலான பட்டியல்கள் சொல்வதில்லை. மிக வேகமான ஒன்றை எடுத்துப் போட்டாலும் அந்த எண் பொய்யாகாது என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

இங்கேதான் நம் இரண்டு திரைகளும் பிரிகின்றன. விஏ பேனலில் மின்னழுத்தம் இல்லாத நிலையில் படிக மூலக்கூறுகள் கண்ணாடித் தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கும். அதுவே அதன் ஆழ்ந்த கறுப்பு. அந்த நிலையிலிருந்து மங்கிய சாம்பலுக்கு வர வேண்டுமானால் மிகச் சிறிய அழுத்தமே தரப்படுகிறது. மூலக்கூறுகள் சாயத் தொடங்குவதற்கே நேரம் பிடிக்கிறது. இதனால் விஏ திரையில் வெளிச்சமான காட்சிகளின் மாற்றம் ஐபிஎஸ்ஸுக்கு இணையாக இருக்கும்போதும், இருண்ட காட்சிகளின் மாற்றம் பல மடங்கு நீளக்கூடும். இருட்டான பின்னணியில் நகரும் பொருளுக்குப் பின்னால் கரிய கறை போல ஒரு தடம் இழுபடுவதும், கறுப்புப் பின்னணியில் எழுத்துகளை உருட்டும்போது அவற்றின் ஓரம் ஊதா நிறத்தில் கலங்குவதும் இதனால்தான். ஐபிஎஸ் பேனலில் வெவ்வேறு மாற்றங்களுக்கிடையே இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. ஆகவே இரண்டு பட்டியல்களிலும் 1 என்று இருந்தாலும், ஐபிஎஸ்ஸின் சராசரி அந்த எண்ணிலிருந்து ஓரளவே விலகியிருக்கும். விஏவின் மோசமான மாற்றமோ வெகுதூரம் விலகியிருக்கும். சில உயர்நிலை விஏ திரைகள் இந்தக் குறையைப் பெருமளவு களைந்திருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் எது அத்தகையது என்பதைப் பட்டியலிலுள்ள எண் காட்டிக்கொடுக்காது.

ஓவர்டிரைவ் என்ற விலை

1 மில்லி விநாடி என்ற எண்ணை எட்டுவதற்கு இரண்டு வகைப் பேனல்களும் ஓவர்டிரைவைச் சார்ந்திருக்கின்றன. அதாவது, சேர வேண்டிய நிலைக்குரிய அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தைச் சிறிது நேரம் கொடுத்துப் படிகத்தை விரட்டுவது. அளவோடு செய்தால் இது நல்ல உத்தி. மிஞ்சினால் பிக்சல் இலக்கைத் தாண்டிப்போய்த் திரும்பி வருகிறது. நகரும் பொருளின் பின்னால் இருண்ட தடத்துக்குப் பதிலாக வெளிறிய, எதிர்நிற ஒளிவட்டம் தோன்றுகிறது. என் கண்ணுக்கு இந்த ஒளிவட்டம் சாதாரண மங்கலைவிட எரிச்சலூட்டுவது. மானிட்டரின் அமைப்புப் பட்டியலில் பொதுவாக மூன்று நான்கு ஓவர்டிரைவ் நிலைகள் இருக்கும். அச்சிடப்படும் எண் பெரும்பாலும் உச்ச நிலையில் கிடைத்தது. கண்ணுக்கு உகந்ததோ நடுநிலைதான். எனவே ஒரு மதிப்புரையைப் படிக்கும்போது, மறுமொழி நேரத்தோடு இலக்கைத் தாண்டும் அளவையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டுவிட்ட அளவீட்டால் பயனில்லை.

புதுப்பிப்பு வீதம் மாறிக்கொண்டே இருக்கும் தகவமைப்பு முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 144 ஹெர்ட்ஸுக்குச் சரியாக அமைத்த ஓவர்டிரைவ், விளையாட்டின் வேகம் 60-க்கு இறங்கும்போது அதிகப்படியாகிவிடலாம். வேகத்துக்கேற்ப ஓவர்டிரைவைத் தானே மாற்றிக்கொள்ளும் திரைகளில் இந்தத் தொல்லை குறைவு. விஏ திரைகள் சிலவற்றில் வீதம் மாறும்போது இருண்ட பகுதிகள் லேசாக மினுக்குவதும் உண்டு.

எவ்வளவு வேகம் போதும்

இதற்கான அளவுகோல் புதுப்பிப்பு வீதத்திலேயே இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகம், அதாவது ஒரு தனிப்படம், சுமார் 16.7 மில்லி விநாடி நிற்கிறது, 144-இல் 6.9, 240-இல் 4.2. பிக்சல் மாற்றம் இந்தக் கால அளவுக்குள் முடிந்துவிட வேண்டும். முடியாவிட்டால் அடுத்த சட்டகம் வந்த பிறகும் பழையது ஒட்டிக்கொண்டிருக்கும். 60 ஹெர்ட்ஸ் அலுவலகத் திரையில் 5 மில்லி விநாடிக்கும் 1 மில்லி விநாடிக்கும் உள்ள வேறுபாட்டுக்காகக் கூடுதலாகச் செலவிடுவதில் பொருளே இல்லை. அதே நேரத்தில், 240 ஹெர்ட்ஸ் என்று விற்கப்படும் விஏ திரையில் இருண்ட மாற்றங்கள் 4.2 மில்லி விநாடிக்குள் முடியாவிட்டால், கூடுதல் ஹெர்ட்ஸுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி வீண்.

சில பட்டியல்களில் 1 மில்லி விநாடிக்கு அருகில் ஜிடிஜி என்பதற்குப் பதிலாக எம்பிஆர்டி என்று இருக்கும். இது முற்றிலும் வேறு அளவு. நகரும் படத்தைக் கண் பின்தொடரும்போது, ஒவ்வொரு சட்டகமும் திரையில் அசையாமல் நிற்பதால் விழித்திரையில் ஏற்படும் மங்கலை அது குறிக்கிறது. பிக்சல் கணப்பொழுதில் மாறினாலும் இந்த மங்கல் போகாது. விநாடிக்கு 1000 பிக்சல் வேகத்தில் நகரும் பொருள் 60 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 17 பிக்சல் அகலத்துக்கும், 144-இல் 7 பிக்சல் அகலத்துக்கும் மங்கும். சட்டகம் முழு நேரமும் ஒளிர்ந்துகொண்டிருக்கும் திரையில் இதை 1 மில்லி விநாடி அளவுக்குக் குறைக்க ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸ் தேவைப்படும். 144 ஹெர்ட்ஸ் திரை அதை எட்டியதாகச் சொன்னால், பின்னொளியைச் சட்டகத்துக்கு ஒருமுறை மட்டும் கணநேரம் மின்னவிட்டு எட்டியிருக்கிறது என்று பொருள். அப்படிச் செய்யும்போது வெளிச்சம் குறையும். தகவமைப்புப் புதுப்பிப்பு பெரும்பாலான திரைகளில் அதனோடு சேர்ந்து இயங்காது. மினுக்கலுக்குக் கூசும் கண்களுக்குத் தலைவலியும் வரலாம். ஆக, ஜிடிஜி 1 என்ற திரையையும் எம்பிஆர்டி 1 என்ற திரையையும் எண்ணை வைத்து ஒப்பிடவே கூடாது.

இந்தக் குழப்பத்துக்கு மாற்றாக, காட்சித்திரைகளுக்குத் தரநிலைகள் வகுக்கும் வெசா அமைப்பு 2022-இல் கிளியர்எம்ஆர் என்ற தரக்குறியீட்டைக் கொண்டுவந்தது. மங்கிய பிக்சல்களுக்கும் தெளிவான பிக்சல்களுக்கும் உள்ள விகிதத்தை அது எண்ணாகத் தருகிறது; எண் பெரிதானால் தெளிவு மிகுதி. எண்ணை உயர்த்துவதற்காகச் செயற்கை உத்திகளை மிஞ்சிப் பயன்படுத்துவதற்கும் அதில் வரம்பு உண்டு. பெட்டியில் அந்தக் குறியீடு இருந்தால், மில்லி விநாடியை விட்டுவிட்டு அதை ஒப்பிடுவதே சரி. எல்லாத் திரைகளிலும் அது இருக்காது என்பதுதான் குறை.

விஏ வெல்லும் இடம்

இதுவரை சொன்னதை வைத்து விஏவைத் தள்ளிவிட முடியாது. ஐபிஎஸ் திரையின் கான்ட்ராஸ்ட் விகிதம் (வெண்மைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) வழக்கமாக 1000:1 அளவில் நிற்க, விஏ 3000:1-ஐச் சாதாரணமாகத் தொடுகிறது. வெண்மையை 120 நிட்டில் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு) வைத்துக்கொண்டால், முன்னதன் கறுப்பு 0.12 நிட், பின்னதன் கறுப்பு 0.04 நிட். பகல் வெளிச்சம் நிறைந்த அறையில் இந்த வேறுபாடு மறைந்துவிடும். விளக்கணைத்துப் படம் பார்ப்பவருக்கோ ஐபிஎஸ்ஸின் கறுப்பு சாம்பல் படர்ந்ததாகவும், மூலைகளில் ஒளிப்புகை எழுவதாகவும் தெரியும். விஏவில் இருட்டு இருட்டாகவே இருக்கும். கோடிகளில் சொல்லப்படும் ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’ எண்ணை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டாம். பின்னொளியை ஏற்றி இறக்கி வெவ்வேறு நேரத்தில் எடுத்த இரு அளவுகளின் விகிதம் அது.

பார்வைக் கோணத்தில் நிலைமை தலைகீழ். 178 பாகை என்ற எண், கான்ட்ராஸ்ட் 10:1 ஆகச் சரியும் வரை எவ்வளவு பக்கவாட்டில் போகலாம் என்பதை மட்டுமே சொல்கிறது. 10:1 என்பது படம் ஏறக்குறையக் கெட்டுவிட்ட நிலை. நிறமும் சாயலும் அதற்கு வெகு முன்பே மாறிவிடும். விஏவில் நேர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே திரையின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இருண்ட சாயல்களில் வேறுபாடு தெரியலாம். நிறத்தைத் திருத்தும் வேலை செய்பவர் ஐபிஎஸ்ஸை விட்டு நகராமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

நிற எண்ணிக்கையான 1.67 கோடியும் பிரித்துக் காட்டாத எண்தான். ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 நிலைகள் தரும் உண்மையான 8 பிட் பேனலுக்கும், 64 நிலைகளே உள்ள 6 பிட் பேனலைச் சட்டகத்துக்குச் சட்டகம் சாயல் மாற்றி ஏமாற்றும் முறைக்கும் அதே எண் போடப்படுகிறது. கணினிக்கான வழக்கமான நிற வரம்பான எஸ்ஆர்ஜிபி எத்தனை விழுக்காடு என்பதைப் பாருங்கள். 72 விழுக்காடு என்டிஎஸ்சி (பழைய தொலைக்காட்சி நிற வரம்பு) என்பது பரப்பளவில் முழு எஸ்ஆர்ஜிபிக்கு ஏறக்குறைய நிகர்; 45 விழுக்காடு என்டிஎஸ்சி என்று கண்டால் நிறம் வெளிறியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வீச்சை விரிக்கும் எச்டிஆர் வசதிக்குத் தரப்படும் எச்டிஆர் 400 முத்திரை எந்தப் பேனலையும் உயர்த்திவிடாது. வெசா 2017-இல் அந்தப் படிநிலைகளை அறிவித்தபோதே, 400 நிலைக்குத் திரையைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் பின்னொளி கட்டாயமாக்கப்படவில்லை.

ஓரத்தில் நிற்கும் இருவர்

எல்சிடியின் இன்னொரு வகையான டிஎன் பேனல் ஒரு காலத்தில் வேகத்தின் மறுபெயராக இருந்தது. இன்றைய ஐபிஎஸ் அந்த வேகத்தை எட்டிவிட்டதால், மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் புரண்டுவிடும் அந்தப் பேனலை, மிகக் குறைந்த செலவில் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓலெட்டின் கதை வேறு. 0.03 மில்லி விநாடி என்று அதற்குப் போடும் எண்ணில் மிகை இருந்தாலும், பிக்சல் மாற்றத்தைப் பொறுத்தவரை எந்த எல்சிடியும் அதன் அருகில் வர முடியாது. கறுப்பும் முழுக் கறுப்பு. ஆயினும் 60 ஹெர்ட்ஸில் ஓடும் ஓலெட்டில் கண் பின்தொடரும் மங்கல் அப்படியே இருக்கும் என்பதால், உயர்ந்த புதுப்பிப்பு வீதத்தோடு சேர்ந்தால்தான் அதன் வேகம் பலன் தரும். நாள் முழுதும் ஒரே பணிப்பட்டையும் ஒரே மென்பொருள் சட்டமும் திரையில் நிலைத்திருக்கும் வேலைக்கு அது ஏற்றதல்ல. நிலையான படம் தடமாகப் பதியும் அபாயம் உண்டு. துணைப் பிக்சல்களின் அடுக்கு மாறுபட்டிருப்பதால் சில ஓலெட் திரைகளில் எழுத்தின் ஓரத்தில் நிறக்கோடும் தெரியும்.

நம் இரண்டு திரைகளுக்கே திரும்பினால், பகலில் எழுத்தும் கணக்கும், மாலையில் எப்போதாவது விளையாட்டும் என்று இருப்பவருக்கு ஐபிஎஸ். இருட்டறையில் படமும் மெதுவான கதை விளையாட்டும் முதன்மையானவருக்கு விஏ என்பது என் தேர்வு. வேகமான போட்டி விளையாட்டு ஆடுபவர், குறிப்பிட்ட அந்த மாதிரிக்குத் தனியாக எடுக்கப்பட்ட அளவீட்டு அட்டவணையைப் பார்க்காமல் விஏவை வாங்க வேண்டாம். கணினியின் இணைப்புத் துளையையும் சரிபார்த்துவிடுங்கள், எச்டிஎம்ஐ என்ற காட்சி இணைப்பின் 1.4 பதிப்பு மட்டுமே உள்ள பழைய கணினியால் 2560 × 1440 திரையை 144 ஹெர்ட்ஸில் ஓட்ட முடியாது.

திரை கைக்கு வந்தவுடன், திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள், கறுப்புப் பின்னணியில் மங்கிய சாம்பல் எழுத்துள்ள நீண்ட பக்கத்தை மேலும் கீழும் உருட்டி, ஓவர்டிரைவின் ஒவ்வொரு நிலையிலும் தடத்தைக் கவனியுங்கள். விஏவின் கறையும் ஐபிஎஸ்ஸின் ஒளிவட்டமும் இதில் தப்பாது. பிறகு முழுக் கறுப்பு, முழு வெள்ளை, முழுச் சிவப்பு என்று திரையை நிரப்பிப் பழுதான பிக்சல்களைத் தேடுங்கள். ஐஎஸ்ஓ 9241-307-இன் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் ஒளிரும் இரண்டு பிக்சல்களை அனுமதிக்கிறது. சுமார் 37 லட்சம் பிக்சல் கொண்ட இந்தத் திரையில் அது ஏழு வரை போகும். அந்த வகுப்பைப் பின்பற்றும் உத்தரவாதத்தில் மூன்று நான்கு புள்ளிகளைக் காட்டித் திரையை மாற்றித் தரும்படி கேட்க முடியாது. திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள் கண்டுபிடித்தால் மட்டுமே வழி உண்டு.